கியோட்டோ நாட்குறிப்பு: எதற்கு முன் எது

2025 செப்டம்பர் 24, புதன்

ஜப்பானில் இலையுதிர் பருவ வகுப்புகள் அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கும். பரிமாற்ற மாணவர்கள் ஒரு வாரம் முன்னதாக வந்து இறங்குவது வழக்கம். அந்த ஒரு வாரத்தில் செய்யும் வேலைகள் ஒன்றை ஒன்று பிடித்துத் தொங்குகின்றன. முகவரி பதியாமல் வங்கிக் கணக்கு இல்லை, போன் நம்பர் இல்லாமலும் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் உதவித்தொகை இல்லை. வரிசை பிசகினால் ஒரே கவுன்ட்டருக்கு மூன்று தடவை நடக்க வேண்டும்.

கியோட்டோவுக்குப் போகிறவர்கள் இறங்குவது பெரும்பாலும் ஒசாகா பக்கத்துக் கான்சாய் விமான நிலையத்தில். கடலை நிரப்பி உண்டாக்கிய தீவு, 1994-இல் திறந்தது. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் மாணவர்களுக்குக் குடிநுழைவுக் கவுன்ட்டரிலேயே ரெசிடென்ஸ் கார்டு அச்சடித்துத் தருவார்கள். கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, விசாவுக்கு முன்பே ஜப்பான் குடிநுழைவுத் துறை கொடுத்த தகுதிச் சான்றிதழ். இந்தச் சான்றிதழ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும்.

அதே கவுன்ட்டரில் இன்னொரு தாளையும் நீட்ட வேண்டும்: பகுதி நேர வேலைக்கான அனுமதி விண்ணப்பம். படிவத்தை ஊரிலேயே அச்சடித்து நிரப்பிக் கொண்டுவந்தால் கட்டணம் இல்லாமல் அங்கேயே கார்டின் பின்பக்கம் முத்திரை விழும். வாரம் 28 மணி நேரம். பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். அதிகாரி தானாகக் கேட்க மாட்டார். விட்டுவிட்டால் பிறகு குடிநுழைவு அலுவலகம் போய் வரிசையில் நின்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேலை செய்யும் எண்ணமே இல்லாதவர்களும் வாங்கி வைப்பது நல்லது. தெரிந்த கடைக்காரர் சின்ன உதவி வேலை தருகிறேன் என்று டிசம்பரில் சொல்லும்போது தேவைப்படும்.

சுங்கத்தில் சிக்கும் பொருட்கள் இரண்டு. முதலாவது இறைச்சி, கருவாட்டுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் கோழி, ஆட்டிறைச்சி கலந்த எதுவும், பொட்டலம் போட்ட ஊறுகாயானாலும், உள்ளே வராது. இரண்டாவது பச்சை இலை, காய், கனி. தாவர நலச் சான்று இல்லாத கறிவேப்பிலைக் கட்டு குப்பைத் தொட்டிக்குப் போகும். சாம்பார் பொடி, ரசப்பொடி, புளி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் சரி. மருந்தில் கவனம்: சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு அனுமதியே கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மற்ற சாதாரண மருந்துகள் ஒரு மாத அளவு வரை கேள்வியில்லாமல் வரும். அதற்கு மேல் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து கியோட்டோ நிலையத்துக்கு ஹருகா ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். பெரிய பெட்டி இரண்டு இருந்தால் லிமோசின் எனப்படும் விமான நிலைய பஸ்தான் வசதி. பெட்டியை அவர்களே ஏற்றி, ரசீது ஒட்டிக் கொடுப்பார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

குயாகுஷோ என்பது வார்டு அலுவலகம். கியோட்டோவில் 11 வார்டுகள். எந்த வார்டில் தங்குகிறோமோ அந்த அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். வீட்டுக்குக் குடிவந்த 14 நாளுக்குள் என்பது சட்டம். ஆனால் 14 நாள் காத்திருப்பவருக்கு மற்ற எல்லாமே 14 நாள் தள்ளிப் போகும். மறுநாள் காலையே போய்விட வேண்டும். சனி, ஞாயிறு பூட்டியிருக்கும்.

முகவரியை எழுதும்போது அறை எண் வரை எழுத வேண்டும். விடுதியின் பெயரும் எண்ணும் விட்டுப்போனால் தபால் வராது. எழுதிக் கொடுத்ததும் ரெசிடென்ஸ் கார்டின் பின்பக்கம் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். இந்தக் கார்டை எப்போதும் கையில் வைத்திருப்பது கட்டாயம்; பக்கத்துக் கடைக்குப் போனாலும்.

பெயர் விஷயத்தில்தான் தமிழர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி. கார்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் இருக்கும். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், அலுவலகம், ஆஸ்பத்திரி, வங்கி எங்கும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். “முருகேசன்-சான்” என்று அழைக்கும்போது கார்த்திக் எழுந்து போக வேண்டும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் இணையப் படிவங்கள் நகராது. இதைவிட முக்கியம், வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்தான கட்டகானாவில் பெயர். கார்த்திக் என்பதை அந்த எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுத முடியும். குயாகுஷோவில் எதை எழுதினோமோ அதையே காப்பீடு, போன், வங்கி எல்லாவற்றிலும் ஓர் எழுத்து மாறாமல் எழுத வேண்டும். ஒரு நெடில் கோடு கூடினாலும் உதவித்தொகை திரும்பிப் போகும். வந்த முதல் நாளே ஒரு சீட்டில் எழுதிப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

அதே கட்டடத்தில் தேசிய சுகாதாரக் காப்பீட்டுப் பிரிவு. மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் சேர்ந்தே ஆக வேண்டும். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் நம் பங்கு. சந்தா முந்தைய ஆண்டு ஜப்பான் வருமானத்தைப் பொறுத்தது. புதிதாக வந்த மாணவருக்கு வருமானம் பூஜ்யம் என்பதால் குறைந்தபட்சத் தொகை, மாதம் சுமார் 2,000 யென். ஆனால் வருமானம் இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்தால்தான் அந்தச் சலுகை. 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் காப்பீட்டுத் தகுதிச் சான்று ஒன்று வரும்.

20 வயது ஆனவர்கள் பக்கத்துக் கவுன்ட்டரான ஓய்வூதியப் பிரிவையும் பார்த்துவிட வேண்டும். 2025 நிதியாண்டில் மாதச் சந்தா 17,510 யென்னாக இருந்தது. ஒரு மாணவர் கட்டக்கூடிய தொகையா? விலக்கு உண்டு. இங்கே ஒரு நுணுக்கம்: மாணவர் சலுகை என்ற திட்டம் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கானது, பரிமாற்ற மாணவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. வருமானம் குறைந்தோருக்கான பொது விலக்கைத்தான் கேட்க வேண்டும். கேட்காமல் வந்துவிட்டால் இரண்டு மாதத்தில் பணம் கட்டச் சொல்லிக் கத்தையாகச் சீட்டு வரும்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் போன், மதியம் வங்கி. மாற்றிச் செய்ய முடியாது.

டேட்டா மட்டும் உள்ள சிம்மில் பேசும் நம்பர் இருக்காது. வங்கிப் படிவத்தில் 070, 080, 090 என்று தொடங்கும் நம்பர் வேண்டும். ஆகவே குரல் சிம்தான். மலிவு நிறுவனங்கள் கிரெடிட் கார்டு கேட்கும். இந்தியக் கார்டு சில இடங்களில் ஏற்காது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே மாதச் சீட்டைக் கடையில் கொடுத்துப் பணமாகக் கட்ட விடும் நிறுவனங்கள் உண்டு. விலை கொஞ்சம் கூட, தொல்லை குறைவு.

வங்கியில் ஆறு மாத விதி ஒன்று இருக்கிறது. வந்து ஆறு மாதம் ஆகாத வெளிநாட்டவரை அன்னியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டில் வசிப்பவராகவே பார்க்கிறது. அதனால் பல தனியார் வங்கிகள் கதவைத் திறக்காது. திறந்தாலும் பணம் அனுப்பும் வசதியில் கத்திரி. மாணவர்கள் தஞ்சம் புகும் இடம் தபால் வங்கியான யூச்சோ. முகவரி அச்சிட்ட ரெசிடென்ஸ் கார்டு, பாஸ்போர்ட், மாணவர் அட்டை அல்லது சேர்க்கைக் கடிதம், போன் நம்பர். பாஸ்புக் அன்றே கிடைத்தாலும் ஏடிஎம் கார்டு பதிவுத் தபாலில்தான் வரும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தபால் பெட்டியில் பெயர் ஒட்டவில்லை என்றால் தபால்காரர் போட மாட்டார், திருப்பி எடுத்துப் போவார். பெயரை ஆங்கிலத்திலும் கட்டகானாவிலும் எழுதி ஒட்ட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது பதிவுத் தபால் வந்தால் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதிலுள்ள எண்ணை இணையத்தில் கொடுத்து மறுபடி கொண்டுவரச் சொல்லலாம். தபால் நிலையம் 7 நாள் வைத்திருக்கும், பிறகு அனுப்பியவருக்கே திரும்பும்.

ஜாசோ (ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு) உதவித்தொகை பெறுபவர்களுக்கு மாதம் 80,000 யென். ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழக அலுவலகத்தில் நேரில் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாதப் பணம். முதல் தவணை வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். கையில் ஒன்றரை மாதச் செலவுக்காவது யென் இருக்கட்டும். இந்திய கார்டில் எடுக்க செவன்-இலெவன் கடை ஏடிஎம் நம்பகமானது.

செப்டம்பர் 27, சனி

சமையலறை. இங்கே மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். லேப்டாப், போன் சார்ஜர்களில் 100–240 என்று எழுதியிருக்கும், கவலையில்லை. ஊரிலிருந்து தூக்கி வந்த மிக்ஸிதான் பாவம். 230 வோல்ட்டுக்குச் செய்த மோட்டார் 100 வோல்ட்டில் முனகும். உளுந்து அரைக்க முடியாது, சூடேறிப் புகையும். மின்கெட்டில் அதைவிட மோசம். வோல்ட் பாதிக்கும் கீழே போகும்போது சூடு இருமடி விகிதத்தில் குறையும்: 1500 வாட் கெட்டில் 300 வாட்கூடத் தராது, ஒரு டம்ளர் தண்ணீர் கொதிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும், ஆனால் மிக்ஸி தாங்குவது செங்கல் கனம். பழைய பொருள் கடையில் உள்ளூர் மிக்ஸி வாங்குவது புத்திசாலித்தனம். குக்கர் கொண்டுவரலாம், விடுதியில் கேஸ் அடுப்பா இண்டக்‌ஷனா என்று முன்பே கேட்டு, இண்டக்‌ஷன் என்றால் அடிப்பாகம் காந்தம் ஒட்டும் குக்கராகப் பார்த்து வாங்க வேண்டும்.

அரிசி குட்டை ரகம், ஒட்டும். தயிர் சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான அரிசி கிடையாது. எலுமிச்சை சாதம் கிளறினால் உருண்டை பிடித்துக்கொள்ளும். 2025-இல் விலையும் ஏறிக் கிடந்தது, 5 கிலோ பை 4,000 யென்னைத் தாண்டியது. ரைஸ் குக்கர் கப் 180 மில்லி, அரிசி 150 கிராம். ஊர் டம்ளரால் அளந்துவிட்டுப் பாத்திரத்தின் கோட்டுக்குத் தண்ணீர் விட்டால் குழையும். தயிர் 400 கிராம் டப்பாவில், சர்க்கரை சேர்க்காதது என்று பார்த்து எடுக்க வேண்டும். உறை ஊற்றவும் அதுவே ஆகும்.

இட்லி மாவு இப்போது புளிக்கும், டிசம்பரில் புளிக்காது. கியோட்டோ மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடக்கும் ஊர். குளிர் அடியில் தேங்கும், அறைக்குள்ளேயே பத்து டிகிரிக்குக் கீழே போகும். மாவை ரைஸ் குக்கரில் ‘வார்ம்’ போட்டு வைக்கலாமே என்று தோன்றும். கூடாது, அது 60 டிகிரிக்கு மேல் போகும், புளிக்க வைக்கும் கிருமிகள் செத்து மாவு வெந்து கெட்டியாகும். யோகர்ட் மேக்கர் என்று மின்கருவி எல்லாக் கடையிலும் விற்கிறது. 30 டிகிரி, 10 முதல் 12 மணி நேரம் வைத்தால் பொங்கி நிற்கும். மாவுக்கு உள்ளூர் அரிசி வேண்டாம், இட்லி பிசின்போல் பல்லில் ஒட்டும். இட்லி ரவை போதும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சைக்கிள் இல்லாமல் கியோட்டோ மாணவர் கிடையாது. வாங்கும் கடையிலேயே திருட்டுத் தடுப்புப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; மஞ்சளோ வெள்ளியோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நண்பரிடம் வாங்கினால் பெயர் மாற்றம் அவசியம். இல்லாவிட்டால் இரவில் போலீஸ் நிறுத்தி எண்ணைச் சரிபார்க்கும்போது வேறொருவர் பெயர் வரும். திருட்டு சைக்கிள் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில். விபத்துக் காப்பீடு கியோட்டோவில் கட்டாயம். கடையில் பராமரிப்புச் செய்து ஒட்டும் டிஎஸ் மார்க் ஸ்டிக்கரில் ஓராண்டுக் காப்பீடு அடங்கும்.

இடது பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். குடை பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது குற்றம். 2026 ஏப்ரல் முதல் 16 வயது நிரம்பியவர்களுக்கு நேரடி அபராதச் சீட்டு. போன் கையிலிருந்தால் 12,000 யென். நிலையத்துக்கு அருகே நிறுத்தக் கூடாத இடத்தில் விட்டால் நகராட்சி லாரி ஏற்றிச் சென்றுவிடும்.

மழை நாளுக்கு நகரப் பஸ். நகரின் சமக் கட்டண எல்லைக்குள் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 230 யென். பின் கதவில் ஏறி, இறங்கும்போது முன் கதவில் இக்கோக்கா என்ற பயணக் கார்டைத் தட்ட வேண்டும். பணமாகக் கொடுத்தால் சரியான சில்லறை. 1,000 யென் நோட்டை ஓட்டுநர் பக்கத்து எந்திரம் மாற்றித் தரும், பெரிய நோட்டை மாற்றாது.

செப்டம்பர் 29, திங்கள்

குப்பை. சிரிக்க வேண்டாம், விடுதியில் அயலாரோடு வரும் சண்டையில் பாதி இதனால்தான்.

எரிக்கும் குப்பைக்கு நகராட்சியின் மஞ்சள் பை, 2006-இலிருந்து காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 45 லிட்டர் பை 45 யென், 10 லிட்டர் 10 யென். ஒற்றை ஆளுக்கு 10 லிட்டர் போதும். வாரம் இரு முறை எடுப்பார்கள். டப்பா, கண்ணாடிப் புட்டி, பெட் பாட்டிலுக்கு ஒளி ஊடுருவும் பை, வாரம் ஒரு முறை. பிளாஸ்டிக்குக்கு இன்னொரு நாள். காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும்; முந்தின இரவே வைத்தால் காக்கை கிழித்துத் தெருவெல்லாம் பரப்பும். மேலே வலை இருக்கும், பையை அதற்கு அடியில் செருக வேண்டும். தப்பான பையில் போட்டால் காரணம் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். அது யாருடைய பை என்று மொத்தத் தெருவுக்கும் தெரியும்.

பெட் பாட்டிலைக் கழுவி, மூடியைக் கழற்றி, மேலுறையைக் கிழித்து எடுக்க வேண்டும். மூடியும் உறையும் பிளாஸ்டிக் பைக்கு. சமையல் கழிவை வடிகட்டிப் பிழிந்துதான் மஞ்சள் பையில் போட வேண்டும். நம் ஆட்களுக்கு முக்கியம்: அப்பளம் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. கெட்டியாக்கும் பொடி கடையில் விற்கும். எண்ணெய் சூடாக இருக்கும்போது தூவினால் ஆறியதும் கட்டியாகும், எடுத்து எரிக்கும் குப்பையில் போடலாம். அல்லது பாட்டிலில் சேர்த்து, நகராட்சி எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுக்கலாம். அதை டீசலாக்கி 1997-இல் குப்பை லாரி ஓட்டத் தொடங்கினார்கள்.

அக்டோபர் 1, புதன்

வகுப்பு 90 நிமிடம், பருவத்துக்கு 15 வாரம், பொதுவாக ஒரு பாடத்துக்கு 2 கிரெடிட். முதல் இரண்டு வாரம் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து பார்க்கலாம். அதன் பிறகு பாடப் பதிவு பூட்டிவிடும். பூட்டியபின் மாற்றக் கேட்டால் பேராசிரியரே விரும்பினாலும் அலுவலகம் அசையாது. பாடத்தை மாற்றினால் ஊர்க் கல்லூரியின் ஒப்புதல் மின்னஞ்சலை அன்றே வாங்கிவிட வேண்டும். திரும்பிப் போனபின் கிரெடிட் ஏற்க மாட்டோம் என்பார்கள்.

கூட்டுறவுக் கேன்டீனில் தட்டு எடுத்துக்கொண்டு நகர வேண்டும். சாதத்துக்கு அளவு உண்டு, சின்னக் கிண்ணக் கறிகள் தனித்தனி விலை. அசைவர்களுக்குச் சொர்க்கம். சைவர்களுக்குத் தொல்லை கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: தாஷி. மீன் கருவாட்டைச் சீவி ஊறவைத்த சாறு இது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய், முட்டைப் பொரியல் எல்லாவற்றிலும் இருக்கும். ‘நிக்கு’ வேண்டாம் என்றால் இறைச்சியை மட்டும் எடுப்பார்கள். காய்கறிக் கறி என்று எழுதியிருந்தாலும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்துத் தேறலாம் என்று சிலர் சொல்வார்கள், அதில் ஓட்டை இருக்கிறது: பட்டியலில் உள்ள பொருட்களில் அயிலையும் சால்மனும் உண்டு, தாஷிக்குப் போடும் சூரை வகை மீன் இல்லை. எனவே பட்டியல் சுத்தமாக இருந்தாலும் மீன் சாறு இருக்கும். “தாஷி மோ தமே தெஸ்” (தாஷியும் கூடாது) என்று சொல்லிக் காட்டுவதே வழி.

அக்டோபர் 4, சனி

பருப்பு, கருவேப்பிலை, இட்லி ரவைக்குக் கோபே. சிறப்பு விரைவு ரயிலில் கியோட்டோவிலிருந்து கோபேயின் சன்னோமியா நிலையத்துக்குச் சுமார் 50 நிமிடம், கூடுதல் கட்டணம் இல்லை. இந்திய வணிகர்கள் தலைமுறைகளாக வாழும் துறைமுக ஊர். கித்தானோ மேட்டில் 1985-இல் கட்டிய ஜைனக் கோயிலும், 1935-இல் எழுந்த ஜப்பானின் முதல் பள்ளிவாசலும் நடக்கும் தூரத்தில். ஹலால் கடைகளும் மளிகைகளும் பள்ளிவாசலைச் சுற்றித்தான். அவசரத்துக்குக் கியோட்டோவிலேயே கியோமு சூப்பரில் உறைந்த வெண்டைக்காய், தேங்காய்ப் பால், கொண்டைக்கடலை அகப்படும்.

அக்டோபர் 7, செவ்வாய்

காய்ச்சல் வந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் காப்பீட்டில் சேராத தனிக் கட்டணம் 7,000 யென்னுக்குக் குறையாமல் வாங்குவார்கள். முதலில் தெருமுனைக் கிளினிக். ஆம்புலன்ஸ் 119, இலவசம், போலீஸ் 110.

நிலநடுக்கத்தை இங்கே ‘ஷிந்தோ’ அளவில் சொல்வார்கள், 0 முதல் 7 வரை, 5-க்கும் 6-க்கும் கீழ், மேல் என்று இரண்டு படி, மொத்தம் பத்து. அது நிற்கும் இடத்தில் உணரும் ஆட்டத்தின் அளவு, ரிக்டர் எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியை இறக்கி வைத்தால் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வரும். பலமாக ஆடினால் கேஸ் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். கேஸ் வரவில்லையே என்று பதற வேண்டாம். வாசனை இல்லை என்று உறுதி செய்து, அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் மூடி, வெளியே மீட்டரில் உள்ள மூடியைத் திருகி எடுத்துப் பொத்தானை அழுத்தி விட்டு 3 நிமிடம் காத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு மினுங்குவது நின்றால் கேஸ் வரும். அந்த 3 நிமிடத்துக்குள் பொறுமையிழந்து அடுப்பைத் திருகினால் மீட்டர் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

அக்டோபர் 9, வியாழன்

தீபாவளி 20-ஆம் தேதி திங்கள், வகுப்பு உண்டு. ஊருக்குப் போகத் தோதான இடைவெளி டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை. டிக்கெட் இப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. போகும்போது பாஸ்போர்ட்டோடு ரெசிடென்ஸ் கார்டும் கட்டாயம். புறப்பாட்டுக் கவுன்ட்டரில் ஒரு சிறு அட்டை கொடுப்பார்கள். அதில் ‘சிறப்பு மறுநுழைவு அனுமதியுடன் புறப்படுகிறேன்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். ஓராண்டுக்குள், தங்கும் காலம் முடிவதற்குள் திரும்பினால் விசா கேட்க மாட்டார்கள். டிக் போடாமல் நீட்டினால் படிப்பு முடித்து நிரந்தரமாகப் போகிறவர் என்று எடுத்துக்கொண்டு கார்டில் ஓட்டை போட்டுவிடுவார்கள். பிறகு தகுதிச் சான்றிதழ், விசா என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.